நகையும் தாளமும்

இசை நிகழும் சபையிலே வாய்விட்டுச் சிரித்த மனிதர் ஒருவரை நான் என் வாழ்நாளில் ஒருமுறைதான் கண்டிருக்கிறேன். அது 1974ஆம் ஆண்டு, வெள்ளவத்தையில், என் தமக்கையாரின் திருமண மண்டபத்தில் நிகழ்ந்தது. தவில் வித்துவான் ஒருவர் நீண்டதொரு கோர்வையை வாசித்துக்கொண்டிருந்தார். முடிவு வந்துவிட்டது என்று சபையோர் தலையசைக்க ஆயத்தமான கணத்தில் அவர் கையை நிறுத்தினார். அந்த அடி வெறுமையாகவே கடந்து போயிற்று. அதற்கடுத்த அரையிடத்தில், எவரும் எதிர்பாராத வேளையில், முடிவுச் சொல்லைப் போட்டு அமர்ந்தார். அவ்வேளை கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பொலி எழுந்தது. சிரித்தவர் என் மாமா. மண்டபத்திலிருந்த தலைகள் பலவும் பின்னால் திரும்பின. தவில் வித்துவானும் நிமிர்ந்து பார்த்தார். அவர் சினங்கொள்வார் என்று நான் அஞ்சினேன்; அவரோ மாமாவை நோக்கிப் புன்னகை செய்தார். அப்புன்னகையின் பொருள் எனக்கு விளங்குவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. விளங்கிய வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாமா என் தாயாரின் மூத்த தமையனார், கொட்டாஞ்சேனைவாசி. தூத்துக்குடிக் கரையிலிருந்து கொழும்புக்கு வந்து தலைமுறைகளாக வேரூன்றிய பரதகுலக் கத்தோலிக்கக் குடும்பம் அது. பகலிலே துறைமுகத்தில் எழுதுவினைஞராகப் பணிபுரிந்த அவர், இரவிலே ட்றம்பெற் ஊதுபவராக மாறிவிடுவார். ஹோட்டல்களின் நடன விருந்துகளுக்கு வாசிக்கும் இசைக்குழுவொன்றில் அவர் இருந்தார். பறங்கியர் இருவர், சிங்களவர் இருவர், மலாயர் ஒருவர், இவர்களோடு மாமா. அக்குழுவினர் வாசித்தவற்றுள் பெரும்பகுதி ஜாஸ் இசையும் அதன் வழிவந்த நடன மெட்டுகளுமே. நள்ளிரவுக்குப் பின்னர், விருந்தினர் களைத்திருக்கும் வேளையில், மாமா ட்றம்பெற்றைக் கீழே வைத்துவிட்டு ஒலிபெருக்கியின் முன்னால் வந்து நின்று, சந்திரபாபுவின் பாடல்களை அபிநயத்தோடு பாடுவாராம். தமிழறியாத பறங்கியரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்களாம். இதனை அவர் பெருமையாகச் சொல்வார். எங்கள் வீட்டில் அதை எவரும் பெருமையாகக் கேட்டதில்லை.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்தவர்; அரசாங்க உத்தியோகத்தர். எனக்கு எட்டு வயதாகும்வரை நாம் கொட்டாஞ்சேனையிலே, ஜம்பட்டா வீதிக்கு அண்மையிலுள்ள ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் வாழ்ந்தோம். விடியும்போது புனித லூசியாள் பேராலயத்து மணியும், பொன்னம்பலவாணேசர் கோயில் மணியும், பள்ளிவாசலின் அழைப்பொலியும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். பகலில் சுமைவண்டிக்காரரின் கூவலும், மாலையில் யாரோ ஒருவர் வீட்டு விறாந்தையில் பைலாப் பாட்டும் கைத்தட்டலும் கேட்கும். 1961இல் வெள்ளவத்தைக்குக் குடிபெயர்ந்தோம். அங்கு ஓசைகளின் ஒழுங்கே வேறு. மாலை ஐந்து மணியானால், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒவ்வோர் ஒழுங்கையிலும் ஒரு வீட்டிலாவது பெண்பிள்ளைகள் சரளி வரிசை பாடுவது கேட்கும். நாகரிகம் என்பது சுருதி விலகாதிருப்பது என்ற எண்ணம் என்னுள் பதிந்தது அங்கேதான். ஞாயிறுதோறும் கக்கத்தில் இசைத்தட்டுகளை இடுக்கிக்கொண்டு மாமா வருவார். அவரை என் தகப்பனாரின் உறவினர் ‘பாண்ட்காரர்’ என்றே குறிப்பிடுவர். அச்சொல்லில் இருந்த எள்ளலை நான் மிக விரைவாகக் கற்றுக்கொண்டேன்.

மாமாவுக்கு உலகில் இருவர்மீது மட்டுமே தீராத பக்தி இருந்தது. ஒருவர் அமெரிக்கரான லூயி ஆம்ஸ்ற்றோங், மற்றவர் ஜே. பி. சந்திரபாபு. இவ்விருவரையும் ஒரே மூச்சில் அவர் பேசுவது எனக்குப் பரிகாசத்துக்குரியதாகத் தோன்றும். ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் இசைக்கலைஞர். மற்றவர் தமிழ்ச் சினிமாவின் கோமாளி. இவர்களுக்கிடையே என்ன உறவு?

உறவைத் தேடி அமெரிக்காவரை செல்லவேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து கிராண்ட்பாஸ்வரை நடந்தாலே போதுமானது. 1927இல் தூத்துக்குடியிற் பிறந்த சந்திரபாபுவின் தந்தையார் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். பிரித்தானிய ஆட்சியினரால் சிறைப்படுத்தப்பட்டு, பின்னர் நாட்டைவிட்டு அகற்றப்பட்ட நிலையில் அவர் குடும்பத்தோடு கொழும்புக்கு வந்தார். மகன் கிராண்ட்பாஸ் புனித யோசேப்பு பாடசாலையில் கற்றார். 1943இல் அக்குடும்பம் சென்னைக்குச் சென்றது. ஆக, செவி திறக்கும் பருவம் முழுவதும் அவருக்கு இத்துறைமுக நகரிலேயே கழிந்தது. அந்தோனியார் கோயிற் பாட்டும், பைலாவும், கப்பற்காரர் கொண்டுவந்த மேனாட்டு இசைத்தட்டும் அருகருகே ஒலித்த நகர் அது. கொட்டாஞ்சேனையில் என் மாமாவின் வயதொத்தவர்களுள் சந்திரபாபுவோடு போளை அடித்து விளையாடியதாகச் சொல்லாதவர் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் உண்மை சொல்லியிருந்தால் அப்பிள்ளைக்குப் பாடசாலை செல்ல நேரமே இருந்திருக்காது. மாமா மட்டும் அவ்வாறு சொல்லிக்கொண்டதில்லை. “நான் அவரைக் கண்டதில்லை தம்பி, கேட்டிருக்கிறன். அது போதும்” என்பார்.

சென்னையில் சந்திரபாபு பட்ட பாடு தமிழ்ச் சினிமா வரலாற்றில் நன்கு அறியப்பட்டது. 1947இல் ‘தன அமராவதி’ படத்தில் தோன்றிய பின்னரும் வாய்ப்புகள் எளிதில் வரவில்லை. 1952இல் மனமுடைந்து, ஜெமினி ஸ்டூடியோவில் தம்முயிரை மாய்த்துக்கொள்ள முயன்று நீதிமன்றம்வரை சென்றார். அதன் பின்னர்தான் அவருடைய காலம் பிறந்தது. 1959இல் ஏ. வி. எம். நிறுவனத்தார் ‘சகோதரி’ என்ற படத்தை எடுத்து முடித்தபோது அது சோபிக்கவில்லை எனக் கண்டு, பால்காரராகச் சந்திரபாபு வரும் நகைச்சுவைக் காட்சிகளைப் புதிதாகச் சேர்த்தனர். தன்னை முட்டாள் என்று தானே அறிமுகஞ் செய்துகொள்ளும் பாடல் அப்படத்தில் வருவதே. அதே ஆண்டு வெளியான ‘மரகதம்’ படத்தில், எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையில், கே. ஜமுனாராணியோடு அவர் பாடிய குங்குமப்பூப் பாடலைக் கேட்டுக் கால் அசையாதவர் அக்காலத்தில் இல்லை எனலாம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இப்பாடல்களை இந்நாட்டில் மட்டுமன்றித் தென்னிந்தியாவிலும் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. கொழும்பில் வளர்ந்த ஒருவரின் குரல், கொழும்பிலிருந்தே கடல் கடந்து தமிழகத்தின் தேநீர்க் கடைகளில் ஒலித்தது.

அவர் குரலின் தனித்தன்மை யாது? ‘யோடலிங்’ எனப்படும் பாடும்முறையைத் தமிழ்ச் சினிமாவில் தமக்கென ஆக்கிக்கொண்டவர் அவர். மார்பிலிருந்து வரும் இயல்பான குரலுக்கும், அதற்கு மேலேயுள்ள கள்ளக்குரலுக்கும் இடையில் ஒரு பொருத்து உண்டு. அப்பொருத்துத் தெரியாமல் பாடவேண்டும் என்பது எமது சங்கீத ஆசிரியர்கள் கற்பிப்பது. யோடலிங் பாடுபவரோ அப்பொருத்திலேயே வந்து நின்று, குரலை வேண்டுமென்றே உடைத்து, உடைவதையே அழகாக்கிக் காட்டுவார். மேடையில் கோமாளி செய்வதும் இதுவன்றோ? கால் இடறுவதை எல்லோரும் மறைப்பர். அவன் அதனையே நடனமாக்குவான்.

மாமாவிடம் ஓர் இசைத்தட்டின் கதை இருந்தது. ஜிம்மி றொட்ஜேர்ஸ் என்ற வெள்ளை இனப் பாடகர், முன்னர் ரயில் பாதைத் தொழிலாளியாக இருந்தவர், யோடலிங்கால் புகழ்பெற்றவர். 1930இல் அவர் பதிவு செய்த ஒன்பதாவது ‘புளூ யோடல்’ பாடலுக்கு ட்றம்பெற் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ற்றோங்; பியானோ வாசித்தவர் ஆம்ஸ்ற்றோங்கின் மனைவி லில். கறுப்பரும் வெள்ளையரும் ஒரு மேசையில் அமர்ந்து உண்ணமுடியாத மாநிலங்கள் பல இருந்த காலம் அது. மாமா பெருவிரலை உயர்த்திச் சொல்லுவார்: “பாத்தியா, யோடலும் ஜாஸும் ஒருக்கா ஒண்டாச் சந்திச்சுக் கை குடுத்திருக்கு. பிறகு எங்கட பாபு அதைத் தமிழில பேச வைச்சார்.” அவர் பெரிதுபடுத்துகிறார் என்றே அன்று நினைத்தேன். இன்று அவ்வாறு நினைப்பதற்கில்லை.

ஜாஸ் இசைக்கும் நகைச்சுவைக்கும் உள்ள உறவு அதன் பிறப்பிலிருந்தே தொடர்வது. அந்த உறவில் நச்சும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க மேடையில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கோமாளிகளாக நடித்துக் காட்டினர். பின்வந்த கறுப்பினக் கலைஞர் மேடையேறியபோது அக்கோமாளி வேடம் அவர்களுக்கு முன்பே அங்கு சென்று அமர்ந்திருந்தது. ஆம்ஸ்ற்றோங் அகலச் சிரித்தார், விழிகளை உருட்டினார், கைக்குட்டையால் முகந்துடைத்தார். இளைய தலைமுறையினர் பலர் இது வெள்ளையரை மகிழ்விக்கும் அடிமைத்தனம் என்று வெறுத்தனர். வெறுத்தவர்களுள் ஒருவர் டிஸி கிலெஸ்பி. ஆயினும் 1957இல், லிற்றில் றொக் நகரில் கறுப்பினப் பிள்ளைகள் பாடசாலைக்குட் செல்லாதவாறு தடுக்கப்பட்டபோது, ஜனாதிபதி ஐசன்ஹோவரைப் பகிரங்கமாகக் கண்டித்து, அரசாங்கத்தின் சார்பில் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த பயணத்தையும் உதறியவர் இதே ஆம்ஸ்ற்றோங்தான். பிற்காலத்தில் கிலெஸ்பி தம் சுயசரிதையில், அச்சிரிப்பைத் தாம் தவறாக விளங்கிக்கொண்டதை ஒப்புக்கொண்டார். எதுவும் தன் மகிழ்ச்சியைத் திருடிச் செல்ல விடாத மனிதரின் சிரிப்பு அது என்று கண்டார். அவரும் இலேசானவர் அல்லர். 1964இல் ஜனாதிபதித் தேர்தலில் தாம் போட்டியிடுவதாக வேடிக்கையாக அறிவித்து, வெள்ளை மாளிகைக்குத் தம் இசையின் பெயரைச் சூட்டப்போவதாகச் சொன்னவர்.

எமது பிராந்தியத்திலும் ஜாஸ் நுழைந்தது நகைச்சுவை நடிகன் திறந்துவிட்ட வாசல் வழியாகவே என்று தோன்றுகிறது. பகவான் என்ற நடிகர் தாமே இயக்கி நடித்த ‘அல்பேலா’ என்ற ஹிந்திப் படத்தில் (1951), சி. ராமச்சந்திராவின் இசைக்குச் ‘சிக் சொக்கலேற்’ என்ற கோவா ட்றம்பெற்காரரின் குழுவினர் திரையிலேயே தோன்றி வாசித்தனர். பகவானோ பருத்த உடலைக் குலுக்கி ஆடிச் சிரிக்கவைத்தவர். தமிழிலும் இதுவே நிகழ்ந்தது. காதலனுக்கு இராகம் தழுவிய மெல்லிசை. கோமாளிக்கும், மதுவிடுதியில் ஆடும் பெண்ணுக்கும் ட்றம்பெற்றும் சாக்ஸபோனும். மரியாதைக்குரியவர் அந்தத் தாளத்தில் நடக்கமாட்டார் என்பது எழுதப்படாத சட்டம். ஆனால் கதாநாயகன் அடக்கிக்கொண்ட கையையும் காலையும் கோமாளியால் வீச முடிந்தது. வாய்ப்பு மறுக்கப்பட்டவனுக்குக் கிடைத்த சுதந்திரம் அது. ஈழத்திலும் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையைத் தமிழில் வேரூன்றச் செய்தபோது, அவர்களுடைய பாடல்கள் மக்களிடம் சென்றது வேடிக்கையின் தோளில் ஏறியே. சிங்களத்தில் பைலாவைப் பரப்பிய வொலி பஸ்தியான்ஸ் பொலிஸ் உத்தியோகத்தராக இருந்தவர். பைலாவிலே ‘வாத பைலா’ என்றொரு வகை உண்டு. இரு பாடகர் எதிரெதிரே நின்று, தாளம் பிசகாமல் அந்தக் கணத்திலேயே வரி கட்டி ஒருவரை ஒருவர் மடக்குவர். நியூ ஓர்லியன்ஸ் ட்றம்பெற்காரர் ஒருவரை ஒருவர் வாசித்து வெல்ல முயன்றதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

இவையெல்லாம் வரலாறு. ஆனால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை மாமா ஒரு தேநீர்க் கோப்பையையும் கரண்டியையும் வைத்து எனக்கு விளக்கினார். நான்கு அடிகளை மேசையில் தட்டினார். “நடன இசையில எல்லாரும் முதலாம் தட்டிலதான் கால் வைப்பினம். ஜாஸில அழுத்தம் இரண்டிலயும் நாலிலயும். சரி, அது கணக்கு. இப்ப கேள்: எதிர்பாக்கிற இடத்தில நோட்டைக் குடுத்தா அதுவும் கணக்குத்தான். ஒரு மயிரிழை பிந்திக் குடுத்தா அது ஜாஸ். பிந்தினது வேணுமெண்டு எண்டு ஆருக்கும் விளங்காமப் போனா, அது பிழை.” பின்னர் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: “பகிடியும் அப்பிடித்தான்.”

இதனைவிடச் சிறந்த விளக்கத்தை நான் நூல்களிற் காணவில்லை. பாதை தெரிந்தவனுக்குத்தான் விலகல் தெரியும். ஆம்ஸ்ற்றோங் ஒரு மெட்டை விட்டு விலகிச் செல்லும்போது, கேட்போர் மனத்துள்ளே அம்மெட்டு தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பகிடி சொல்பவன் முடிவைத் தாமதிக்கும்போதும் கேட்போர் தமக்குள் ஒரு முடிவை எழுதி வைத்திருக்க வேண்டும். இரண்டிலும் பாதிப் படைப்பு கேட்பவனுடையது. 1926இல் ஆம்ஸ்ற்றோங் ‘ஹீபி ஜீபீஸ்’ பாடலைப் பதிவுசெய்கையில் பாட்டுத் தாள் கையிலிருந்து நழுவி விழ, பொருளற்ற அசைகளைக் கொண்டே பாடி முடித்தார் என்றொரு கதை உண்டு. அத்தகைய பாடல் அதற்கு முன்பும் இருந்தது. தாள் விழுந்த கதையை ஆராய்ச்சியாளர் ஐயுறுவர். எனினும் அக்கதையை மக்கள் விரும்பியதற்குக் காரணம் தெளிவு. விழுந்தவன் எழாமலே ஆடத் தொடங்கினான் என்பது அதன் பொருள். எமது சொற்கட்டும் பொருளற்ற அசைகளால் ஆனதே. ஆனால் எமது தாளத்தில் நகைக்கு இடமுண்டு என்று எங்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தபோது நகையை முதலாவதாக வைத்தார். அதனை அடுத்தே அழுகையை வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்களாகப் பிறரை எள்ளுவதையும், இளமையையும், பேதைமையையும், மடமையையும் கூறினார். சந்திரபாபு தம்மை முட்டாள் என்று பாடியதைப் பேதைமையுள் அடக்கலாம். என் உறவினர் மாமாவைப் பாண்ட்காரர் என்றதை எள்ளலுள் அடக்கலாம். ஆனால் திருமண மண்டபத்தில் தவிலைக் கேட்டு மாமா சிரித்த சிரிப்பு இந்நான்கினுள் எதைச் சார்ந்தது? அங்கே எள்ளப்பட்டவர் இல்லை; பேதையும் இல்லை. எதிர்பார்த்த இடம் வெறுமையாகி, எதிர்பாராத இடம் நிறைந்தபோது பிறந்த நகை அது. ஒருவருடைய வித்தையை மற்றவர் முழுதாக விளங்கிக்கொண்டதன் அடையாளம் அது. தவில் வித்துவானின் புன்னகைக்குப் பொருளும் அதுவே. அந்த மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தனர்; தம் வாசிப்பை உரிய இடத்தில் கேட்டவர் ஒருவரே என்று அவர் அறிந்துகொண்டார்.

இப்போது, நான் எழுதத் தயங்கியதை எழுதவேண்டும். அத்திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு மாமா தம் குழுவினரோடு வந்து இரவு விருந்தில் வாசிப்பதாகச் சொல்லியிருந்தார். அது அவர் தம் மருமகளுக்குத் தர நினைத்த பரிசு. சந்திரபாபு அவ்வாண்டு மார்ச் மாதத்திலே, நாற்பத்தாறு வயதிலே, மறைந்திருந்தார். அவருடைய பாடல்கள் இரண்டையும் ஒத்திகை பார்த்திருந்தார் மாமா. நான் அப்போது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகத்தில் இரண்டாம் வருட மாணவன். என் விரிவுரையாளர்களும் நண்பர்களும் திருமணத்துக்கு வரவிருந்தனர். கொட்டாஞ்சேனைக்குச் சென்று நானே அவரிடம் சொன்னேன்: “மாமா, நாதஸ்வரம் இருக்கு. அதோடு போதும் எண்டு வீட்டில நினைக்கினம்.” வீட்டில் எவரும் அவ்வாறு நினைத்திருக்கவில்லை, நான்தான் நினைத்தேன். அவர் ட்றம்பெற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமலே, “சரி தம்பி” என்றார். திருமணத்தன்று மாலை நேரத்து ஹோட்டல் உடுப்போடு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்திலிருந்துதான் அவர் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமியார் இறந்த பின்னர், 1980இல், மாமா வெள்ளவத்தைக்கு வந்து எங்களோடு தங்கினார். 1983 ஜூலை 25ஆம் திகதி எங்கள் வீடு எரிந்தது. தகப்பனாரின் புத்தகங்களும், மாமாவின் இசைத்தட்டுகளும், ட்றம்பெற்றும் அதனுள்ளே எரிந்தன. அயலிலிருந்த சிங்களக் குடும்பமொன்று அன்றிரவு எங்களை ஒளித்து வைத்திருந்தது. மறுநாள் ஒரு பாடசாலையில் அமைக்கப்பட்ட அகதி முகாமுக்குச் சென்றோம். வகுப்பறையொன்றில் நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். தண்ணீருக்கு ஒரு வரிசை, மலகூடத்துக்கு ஒரு வரிசை. இரண்டாம் நாளிரவு குழந்தைகள் பசியாலும் புழுக்கத்தாலும் அழுதன. ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று தொடங்கும்.

மாமா சுவரோரம் எழுந்து நின்றார். கைகளை வாயருகே குவித்தார். ட்றம்பெற்றின் ஒலி அவர் உதடுகளிலிருந்து எழுந்தது. பின்னர் அந்த முட்டாளின் பாட்டைத் தொடங்கினார். கால்கள் இரண்டும் வெவ்வேறு திசைக்குப் போக விரும்புவதுபோல நடந்தார். முதலடியின் முடிவில், சொல் விழவேண்டிய இடத்தில், நிறுத்தினார். வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. அந்த வெறுமையில் ஒரு குழந்தை சிரித்தது. அதன் பின்னரே சொல் வந்தது. அவ்வேளை அறையின் மூலையிலிருந்து ஒரு முதிய தாய் எழுந்து, “இஞ்சை ஆர் சிரிக்கிற நிலையில இருக்கினம்? உமக்கு வெக்கமில்லையே?” என்று கூவினார். அவருடைய மகனைப் பற்றி இரண்டு நாள்களாக யாதொரு செய்தியும் வந்திருக்கவில்லை. மாமா பாட்டை நிறுத்தினார். அவரருகே சென்று, நிலத்தில் அமர்ந்து, “மன்னிக்க வேணும் அம்மா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இரவு நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தார்.

மறுநாள் மாலையில் குழந்தைகள் மீண்டும் அழத் தொடங்கின. அந்தத் தாயே மாமாவை அழைத்தார். “தம்பி, பிள்ளையள் அழுகுதுகள். நேற்றையப் பாட்டைப் பாடுமன்” என்றார். மாமா பாடினார். அத்தாய் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நகைக்கு அடுத்ததாக அழுகையைத் தொல்காப்பியர் ஏன் வைத்தார் என்பதை எனக்கு எந்த உரையாசிரியரும் அன்றுபோல் விளக்கியதில்லை. சிரிப்பு துயரத்தை மறைத்தது என்று சொன்னால் அது பொய். அங்கு எதுவும் மறைக்கப்படவில்லை. குரல் உடையும் இடம் எல்லோருக்கும் தெரிந்தது, தெரிந்தே பாடப்பட்டது.

சில நாள்களின் பின் என் பெற்றோர் அகதிகளை ஏற்றிச் சென்ற கப்பலில் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டனர். மாமா செல்ல மறுத்துவிட்டார். தமக்குத் தெரிந்த ஊர் கொட்டாஞ்சேனை ஒன்றே என்றார். அங்கேயே, தங்கையொருத்தியின் வீட்டில், 1991இல் காலமானார். அந்த எட்டு ஆண்டுகளில் நான் அவரைப் பலமுறை கண்டேன். பழைய ட்றம்பெற் ஒன்றை வாங்கித் தருகிறேன் என்றேன். பற்கள் போய்விட்டன, இனி உதடு பிடிக்காது என்று சிரித்தார். திருமணத்து விடயத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வீட்டார் நினைக்கவில்லை, நான்தான் நினைத்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு அது அன்றே தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். எனினும் சொல்லவேண்டியது என் கடமையாக இருந்தது. அந்தச் சொல் விழவேண்டிய இடம் வெறுமையாகவே கடந்துபோயிற்று.

நியூ ஓர்லியன்ஸ் நகரில் இறந்தவரை அடக்கஞ் செய்யச் செல்லும்போது இசைக்குழுவினர் மெல்ல நடந்து சோக கீதம் வாசிப்பர். அடக்கம் முடிந்து திரும்புகையில் துள்ளலான இசையைத் தொடங்குவர் என்பதை மாமாதான் எனக்குச் சொன்னார். அவருடைய அடக்கத்துக்கு அவரது பழைய குழுவில் எஞ்சியிருந்த இருவர் வந்திருந்தனர். இருவரும் முதியவர்கள். ஒருவர் பறங்கியர்; சாக்ஸபோன்காரர். கல்லறையருகே ஒரு ஞானகீதத்தை ஒழுங்காக வாசித்தார். மண் போட்டு முடிந்து நாங்கள் மயானத்தின் வாசலை அடைந்தபோது, கருவியை மீண்டும் உதட்டில் வைத்து, எவரிடமும் அனுமதி கேளாமல், அந்த முட்டாளின் பாட்டை எடுத்தார். தமிழ் தெரியாத அவர் ஒரு சுரமும் பிசகாமல் வாசித்தார். முதலடியின் முடிவில், மாமா நிறுத்தும் அதே இடத்தில், நிறுத்தினார்.

உறவினர் அனைவரும் என்னைத் திரும்பிப் பார்த்தனர். அந்த இடைவெளியில் சிரித்தவன் நான் ஒருவனே. சாக்ஸபோன்காரர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, மீதியிருந்த சுரத்தை வாசித்தார்.